உலக வர்த்தக அமைப்பின் வாசலில் காத்திருக்கும் நாடுகள்: நுழைவு விலையை யார் நிர்ணயிக்கிறார்கள்?

திண்ணைவாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். 2024 பிப்ரவரியில் அபுதாபியில் கூடிய அமைச்சர்கள் மாநாடு, கொமொரோஸ், கிழக்குத் திமோர் ஆகிய இரண்டு சிறு நாடுகளை உலக வர்த்தக அமைப்பில் சேர்த்துக்கொள்ள ஒப்புதல் அளித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அவை முறைப்படி உறுப்பினர்களாயின. மொத்த எண்ணிக்கை 166 ஆயிற்று. கொமொரோஸ் விண்ணப்பம் கொடுத்தது 2007-ஆம் ஆண்டில் என்பதைப் படித்தபோது எனக்கு எழுந்த கேள்வியே இந்த இழைக்குக் காரணம். உலக வணிகத்தில் அதன் பங்கு கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது. அத்தகைய தீவு நாடு ஒன்றிடம் 17 ஆண்டுகள் பேசித் தீர்க்க என்ன இருந்தது?

முதலில் பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். 1947-ல் உலக வர்த்தக அமைப்பின் முன்னோடியான காட் (சுங்க வரி, வணிகம் பற்றிய பொது உடன்பாடு) ஒப்பந்தம் உருவானபோது அதிலிருந்த 23 தரப்புகளில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கும் இருந்தன. அதாவது நம்மில் பெரும்பாலோர் நுழைவுத் தேர்வே எழுதாமல் உள்ளே உட்கார்ந்திருக்கும் நாடுகளின் மக்கள். அதற்குப் பின்னர் விடுதலை பெற்ற காலனி நாடுகளுக்கும் வழி எளிதாகவே இருந்தது. காட் ஒப்பந்தத்தின் 26-ஆம் பிரிவில் இருந்த ஒரு விதியின்படி, ஆண்ட நாடு பரிந்துரைத்தால் போதும். புதிய நாடு தனியாகப் பேரம் பேசாமலேயே உறுப்பினராகலாம். மலேசியா 1957-லும் சிங்கப்பூர் 1973-லும் சேர்ந்தது அந்தக் காலத்தில்தான்.

இதில் ஒரு வினோதம் இருக்கிறது. ஐரோப்பியக் காலனியாக நீண்ட காலம் இருந்திராத நேபாளம், பூட்டான், எத்தியோப்பியா, ஈரான், சவுதி அரேபியா போன்ற நாடுகளுக்குப் பரிந்துரைக்க எசமானர் யாரும் இல்லாததால், அவை வரிசையின் கடைசியில் நிற்க நேர்ந்தது.

1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்பு பிறந்தபோது அந்தப் பழைய வழியும் அடைபட்டது. இப்போது இருப்பது அந்த அமைப்பை நிறுவிய மராகேஷ் ஒப்பந்தத்தின் 12-ஆம் பிரிவு மட்டும். விண்ணப்பிக்கும் நாடு தானும் அமைப்பும் ஒப்புக்கொள்ளும் நிபந்தனைகளின்படி சேரலாம் என்பதே அதன் சாரம். நிபந்தனைகள் எவை, எவ்வளவு கேட்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் பற்றி அப்பிரிவு ஒன்றும் சொல்வதில்லை. மூன்றில் இரண்டு பங்கு வாக்கு போதும் என்று எழுதப்பட்டிருந்தாலும், நடைமுறையில் ஒருமித்த சம்மதம் தேவைப்படுகிறது. விலைப்பட்டியல் இல்லாத கடையில், கடைக்காரர்கள் அனைவரும் சம்மதித்தால்தான் பொருள் கிடைக்கும் என்ற நிலை இது. இது நியாயமா, அல்லது வேறு வழியில்லையா என்பதை நண்பர்கள் விவாதிக்க வேண்டுகிறேன்.

---

சரக்குப்பெட்டி

நண்பர் திண்ணைவாசிக்கு நன்றி. நான் தூத்துக்குடியில் சுங்க முகவராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். அமைப்பின் தலைமையகம் இருக்கும் ஜெனீவா எனக்குத் தெரியாது. ஆனால் 17 ஆண்டுகள் எதைப் பேசுவார்கள் என்பதை வேலையின் பக்கத்திலிருந்து ஓரளவு சொல்ல முடியும்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் ஒரு பணிக்குழு அமைக்கப்படும். விருப்பமுள்ள எந்த உறுப்பினரும் அதில் சேரலாம். விண்ணப்பித்த நாடு தன் வெளிவணிக முறையை விவரிக்கும் நீண்ட அறிக்கை ஒன்றைத் தர வேண்டும். சுங்கச் சட்டம், இறக்குமதி உரிமம், மானியங்கள், அரசு நிறுவனங்கள், உணவுப் பாதுகாப்பு விதிகள், காப்புரிமை, அந்நியச் செலாவணி என ஒன்று விடாமல் அதில் வர வேண்டும். அதைப் படித்து உறுப்பினர்கள் கேள்விகளை அனுப்புவார்கள்; எழுத்தில் பதில் தர வேண்டும்; பதிலிலிருந்து புதிய கேள்விகள் பிறக்கும். அதனுடன் இணையாக, கேட்கும் ஒவ்வொரு நாட்டுடனும் தனித்தனியே சந்தைத் திறப்புப் பேச்சு நடக்கும்.

சுங்க வரியை எடுத்துக்கொள்ளுங்கள். பொருட்களை வகைப்படுத்தும் பன்னாட்டு எச்.எஸ். குறியீட்டின்படி ஆறு இலக்க அளவிலேயே 5,000-க்கும் மேற்பட்ட பொருள் வகைகள் உள்ளன. அவற்றில் ஒவ்வொன்றுக்கும் இதற்கு மேல் வரி விதிக்க மாட்டேன் என்று ஓர் உச்சவரம்பை எழுதிக் கொடுக்க வேண்டும். இன்று வசூலிக்கும் வரி 5 விழுக்காடாகவும் எழுதிக் கொடுத்த உச்சவரம்பு 40 விழுக்காடாகவும் இருக்கலாம். அந்த இடைவெளிதான் ஓர் அரசுக்கு மூச்சுவிட இடம். ஓர் ஆண்டு உருளைக்கிழங்கு விலை வீழ்ந்து உள்ளூர் விவசாயி தவித்தால், அந்த இடைவெளிக்குள் வரியை உயர்த்திக்கொள்ளலாம். உள்ளே இருப்பவர்கள் சுருக்கப் பார்ப்பது அந்த இடைவெளியைத்தான்.

இதையெல்லாம் செய்ய ஆட்கள் வேண்டும். ஒரு சிறிய நாட்டின் வணிக அமைச்சகத்தில் இந்த மொழியில் பதில் எழுதத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களில் ஒருவர் வேறு துறைக்கு மாற்றப்பட்டால் பேச்சே ஓராண்டு பின்தங்கிவிடும்.

ஆனாலும் நான் ஒரு பக்கம் மட்டும் பேச விரும்பவில்லை. சுங்க மதிப்பீட்டு உடன்படிக்கை வருவதற்கு முன்பு, பல நாடுகளில் அதிகாரி மனத்தில் வைத்திருக்கும் விலைதான் சரக்கின் விலை. உண்மையில் கொடுத்த விலையே வரிக்கு அடிப்படை என்ற விதி வந்தபின், வியாபாரிக்கு வாதாட ஒரு காகிதமாவது கையில் கிடைத்தது. ஒரு நாடு இணையும்போது இத்தகைய விதிகளைக் கட்டாயத்தின் பேரில் ஏற்கிறது என்பது உண்மை. அந்தக் கட்டாயம் இல்லாவிட்டால் பல இடங்களில் அவை வந்திருக்கவே மாட்டா என்பதும் உண்மை.

---

பவளத்திட்டு

பசிபிக் தீவுகளில் சில ஆண்டுகள் கணக்காளராக இருந்தவன் என்பதால் வானுவாட்டுவின் கதையை இங்கே வைக்கிறேன். திண்ணைவாசி சொன்ன பழைய வழி அடைபட்டதன் விளைவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

பப்புவா நியூகினியும் சாலமன் தீவுகளும் 1994 டிசம்பரில் காட் ஒப்பந்தத்துக்குள் நுழைந்தன. சாலமன் தீவுகள் சேர்ந்த நாள் டிசம்பர் 28. கதவு மூடுவதற்கு நான்கு நாட்கள் முன்பு. அண்டையிலிருக்கும் வானுவாட்டு 1995-ல்தான் விண்ணப்பித்தது. அது உறுப்பினரானது 2012 ஆகஸ்ட் 24 அன்று. சில மாத இடைவெளிக்கு விலை 17 ஆண்டுகள்.

இத்தனைக்கும் 2001-ல் தோகா மாநாட்டின்போது அதன் இணைவு ஆவணங்கள் ஏறத்தாழத் தயாராக இருந்தன. கடைசி நேரத்தில் வானுவாட்டுவே, சற்றுப் பொறுங்கள் என்று நிறுத்தியது. அந்நாட்டின் மக்கள்தொகை அப்போது சுமார் 2 லட்சம். அரசியலமைப்பின்படி நிலம் முழுவதும் மரபுவழி உரிமையாளர்களுக்கே சொந்தம். சில்லறை, மொத்த வணிகம் போன்ற சேவைத் துறைகளைத் திறப்பதாக அளித்த வாக்குறுதிகள், உள்ளூர்க் கடைக்காரர்களை என்ன செய்யும் என்ற அச்சம் எழுந்தது. அதைவிடப் பெரிய பிரச்சினை வருவாய். வருமான வரியே இல்லாத நாடு அது. துறைமுகத்தில் வசூலாகும் இறக்குமதி வரியை நம்பியே அரசு நடந்துவந்தது. 1998-ல் 12.5 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியைக் கொண்டுவந்து அந்த இடத்தை நிரப்ப முயன்றார்கள்.

இதை நகரத்தில் இருப்பவர்கள் எளிதாகக் கடந்துவிடுகிறார்கள் என்பது என் மனக்குறை. துறைமுகம் ஒன்றிரண்டுதான், அங்கே பத்து அலுவலர்களை உட்காரவைத்தால் வரி வந்துவிடும். மதிப்புக் கூட்டு வரிக்கோ, எண்பதுக்கும் மேற்பட்ட தீவுகளில் சிதறிக் கிடக்கும் கடைகள் கணக்கு எழுத வேண்டும். அந்தக் கணக்குகளைச் சரிபார்க்க ஆள் வேண்டும். வரியின் சுமை இறக்குமதிப் பண்டங்களை வாங்கும் வசதியுள்ளவரிடமிருந்து எல்லோரிடமும் பரவுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே இருந்ததால் நட்டமே இல்லையா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. 2002-ல் ஜெர்மனி கவா மருந்துகளைத் தடைசெய்தது. கவா என்பது அங்குள்ள மக்களின் மரபுப் பானத்துக்கான வேர்; முக்கிய ஏற்றுமதிப் பயிர்களுள் ஒன்று. அத்தடையை 2014-ல் ஒரு ஜெர்மானிய நீதிமன்றமே தள்ளுபடி செய்தது. அந்த இடைக்காலத்தின் பெரும்பகுதியில், அறிவியல் சான்று எங்கே என்று ஜெனீவாவில் உறுப்பினர் என்ற தகுதியுடன் கேட்கும் வாய்ப்பு வானுவாட்டுவுக்கு இல்லை. உறுப்பினராக இருந்த பிஜி அதனால் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

---

செந்நெல்

மேலே எழுதியவர்கள் விலையைப் பற்றியே பேசுகிறார்கள். வாங்கிய பொருளைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். வியட்நாம் 1995 ஜனவரியில் விண்ணப்பித்து 2007 ஜனவரி 11 அன்று உறுப்பினரானது. அந்தப் 12 ஆண்டுகளில் அது நிறுவனச் சட்டத்தை மாற்றியது. அமெரிக்காவுடன் இருதரப்பு வணிக உடன்படிக்கை செய்து 2001 டிசம்பரில் நடைமுறைப்படுத்தியது. அரசு நிறுவனங்களுக்கு இருந்த தனிச் சலுகைகளைக் குறைத்தது. உள்நாட்டில் இந்தச் சீர்திருத்தங்களுக்கு எதிர்ப்புத் தெரிவித்தவர்களிடம், இது ஜெனீவாவில் கேட்கிறார்கள் என்று சொல்லி வாயை அடைக்க முடிந்தது. வீட்டில் சொன்னால் கேட்காத பிள்ளை வாத்தியார் சொன்னால் கேட்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று மின்னணுப் பொருட்களும் காலணிகளும் அங்கிருந்து உலகெங்கும் செல்வதைப் பார்க்கிறோம்.

சீனா இன்னும் பெரிய சான்று. 1986 ஜூலையில் காட் ஒப்பந்தத்தில் மீண்டும் இடம் கேட்ட அந்நாடு, 2001 டிசம்பர் 11 அன்று உலக வர்த்தக அமைப்பில் நுழைந்தது. விலை கடுமையாக இருந்தது. ஆனால் முதலீட்டாளர்களுக்கு அது ஓர் உத்தரவாதமாக அமைந்தது. நுழைவு எளிதாக இருந்திருந்தால் அந்த நம்பிக்கை பிறந்திருக்குமா? 26-ஆம் பிரிவின் வழியாகச் சுலபமாக உள்ளே வந்த எத்தனையோ நாடுகள், உச்சவரம்புகளை எங்கோ வானத்தில் வைத்துவிட்டு, எதையும் மாற்றிக்கொள்ளாமல் அப்படியே இருந்துவிட்டன என்பதையும் நினைவூட்டுகிறேன்.

---

திண்ணைவாசி

நண்பர் செந்நெல் அவர்களின் கருத்தில் வலு உண்டு. வியட்நாமைப் பற்றி நான் மறுக்கவில்லை. ஆனால் சீனாவின் எடுத்துக்காட்டு என் பக்கத்துக்கே துணைநிற்கிறது என்று கருதுகிறேன்.

சீனா ஏற்றது எல்லோருக்கும் பொதுவான விதிகளை மட்டுமா? அதன் இணைவு நெறிமுறையில் சீனாவுக்கென்றே எழுதப்பட்ட விதிகள் இருந்தன. பொருள் குவிப்புத் தடுப்பு (அயல்நாட்டுச் சரக்கு மிகக் குறைந்த விலைக்கு வந்து குவிவதைத் தடுக்கும்) வழக்குகளில் சீனாவின் உள்நாட்டு விலையைப் புறக்கணித்து வேறொரு நாட்டின் விலையை ஒப்பிடலாம் என்று 15 ஆண்டுகளுக்கு அனுமதி இருந்தது. வேளாண் மானியத்தில் வளரும் நாடுகளுக்கு விளைபொருள் மதிப்பில் 10 விழுக்காடு வரை விலக்கு உண்டு, சீனாவுக்கு 8.5 விழுக்காடு. ஏற்றுமதி வரிகளைக் குறிப்பிட்ட சில பொருட்களைத் தவிர மற்றவற்றில் நீக்குவதாகவும் அது எழுதிக் கொடுத்தது.

அந்தக் கடைசி வாக்குறுதியின் விளைவு பின்னால் தெரிந்தது. கனிம மூலப்பொருட்கள் வழக்கில் 2012-லும், அருமண் தனிமங்கள் வழக்கில் 2014-லும் சீனா தோற்றது. சுற்றுச்சூழலைக் காக்க என்ற வாதத்தை அந்த ஏற்றுமதி வரிகளுக்குப் பயன்படுத்தவே முடியாது என்று முடிவாயிற்று. இப்போது இந்தியாவைப் பாருங்கள். 2023-ல் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி விதித்தோம். அதே வாக்குறுதியை நாம் கொடுத்ததில்லை என்பதால், அந்த அளவில் நம்மை யாரும் கேட்க முடியாது. ஒரே அமைப்பில் ஒரே செயலுக்கு இரு நாடுகளுக்கு இரு விதிகள். அவற்றைப் பிரிப்பது யார் எந்தத் தேதியில் உள்ளே வந்தார் என்பது மட்டுமே. சீனாவுக்கு அந்த விலையைத் தாங்கும் தோள் இருந்தது. அதே அளவுகோல் நேபாளத்தின் மீது வரும்போது என்ன ஆகும்?

---

இமயவரம்பு

நேபாளம் என்ற பெயர் வந்ததால் எழுதுகிறேன். பணி நிமித்தம் காத்மாண்டுவில் நெடுங்காலம் இருந்தேன். சற்று நீளும், பொறுத்தருள்க.

நேபாளம் காட் ஒப்பந்தத்தின் கதவைத் தட்டியதற்கு உடனடிக் காரணம் இந்தியா. 1989 மார்ச்சில் இரு நாடுகளுக்கும் இடையிலான வணிக, போக்குவரத்து உடன்படிக்கைகள் காலாவதியாயின; புதுப்பிக்கப்படவில்லை. இரண்டே வழிகளைத் தவிர எல்லைப் போக்குவரத்து வழிகள் மூடப்பட்டன. மண்ணெண்ணெய்க்கும் உப்புக்கும் வரிசை நின்றது. அவ்வாண்டிலேயே நேபாளம் காட் ஒப்பந்தத்தில் சேர விண்ணப்பித்தது. கடலில்லா நாடுகளின் சரக்கு அண்டை நாட்டின் வழியே தடையின்றிச் செல்லும் உரிமையை அதன் 5-ஆம் பிரிவு பேசுகிறது. இரு நாடுகளுக்கு இடையே கேட்டுக் கிடைக்காததைப் பல நாடுகள் கூடிய சபையில் கேட்கலாம் என்ற எண்ணம் அதன் பின்னால் இருந்தது.

1990-ல் ஆட்சிமுறை மாறி உறவு சீரானதும் அந்த அவசரம் தணிந்தது. பின்னர் மீண்டும் விண்ணப்பித்து, 1998-ல் வெளிவணிக அறிக்கை கொடுத்து, 2003 செப்டம்பரில் கான்குன் மாநாட்டில் ஒப்புதல் பெற்று, 2004 ஏப்ரல் 23 அன்று 147-ஆவது உறுப்பினராயிற்று. பணிக்குழுப் பேச்சின் வழியாக உள்ளே வந்த முதல் குறைந்த வளர்ச்சியுற்ற நாடு (ஐ.நா. அப்படிப் பட்டியலிட்ட வறிய நாடு) அதுவே; கம்போடியா அதே ஆண்டு அக்டோபரில் பின்தொடர்ந்தது.

கொடுத்த விலை என்ன? வேளாண் பொருட்களுக்குச் சராசரி உச்சவரம்பு சுமார் 42 விழுக்காடு. மற்றவற்றுக்குச் சுமார் 24. சேவைகளில் 11 துறைகளிலும் 70 உட்பிரிவுகளிலும் வாக்குறுதி. இதை வங்கதேசத்துடன் ஒப்பிடுங்கள். அதுவும் குறைந்த வளர்ச்சியுற்ற நாடுதான். ஆனால் பழைய உறுப்பினர். அமைப்பு தொடங்கிய காலத்தில் அது சேவைகளில் கொடுத்தது ஐந்து நட்சத்திர விடுதிகளும் தொலைத்தொடர்பும் மட்டும். வேளாண் பொருட்களில் அதன் உச்சவரம்பு பெரும்பாலும் 200 விழுக்காடு. வறுமையில் இரண்டும் உடன்பிறப்புகள். விதியேட்டில் ஒன்று மூத்தாள் பிள்ளை, மற்றது இளையாள் பிள்ளை.

ஒரு விஷயத்தில் மட்டும் நேபாளம் பிடிவாதமாக நின்றது. அதை நான் பெருமையோடு நினைவுகூர்வதுண்டு. யூபோவ் எனப்படும் தாவர வகைப் பாதுகாப்பு ஒன்றியத்தில் சேர வேண்டும் என்ற அழுத்தம் பேச்சின்போது வந்தது. உலக வர்த்தக அமைப்பின் விதிகள் அதைக் கோரவே இல்லை. தாவர வகைகளுக்கு ஏதேனும் ஒரு பயனுள்ள பாதுகாப்பு முறை இருந்தால் போதும் என்பதே விதி. இந்தியா 2001-ல் உழவர் உரிமைகளை உள்ளடக்கித் தன் சொந்தச் சட்டத்தை இயற்றியது அந்த இடைவெளியைப் பயன்படுத்தித்தான். விதையைச் சேமித்து மாற்றிக்கொள்ளும் மலைநாட்டு உழவர்களுக்கு யூபோவ் பொருந்தாது என்று நேபாளத் தொண்டு அமைப்புகள் ஊரறியப் பேசின. முடிவில் கட்டாயச் சேர்க்கை என்ற வாக்குறுதி ஆவணத்தில் இடம்பெறவில்லை. சிறிய நாடு எதையுமே மறுக்க முடியாது என்ற எண்ணத்துக்கு இது விடை. ஆனால் மறுப்பதற்கு, எது விதி, எது விதிக்கு மேலான கோரிக்கை என்று பிரித்தறியத் தெரிந்தவர் மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இனி, எதற்காகச் சேர்ந்ததோ அந்தக் காரியம் நடந்ததா என்பது. 2015 செப்டம்பரில் புதிய அரசியலமைப்பை ஒட்டி எல்லையில் கிளர்ச்சி மூண்டது. ரக்சௌல், பீர்கஞ்ச் வழியில் சரக்கு லாரிகள் மாதக்கணக்கில் நின்றன. அவ்வாண்டு ஏப்ரல் நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்கள் கூடாரங்களில் இருந்த நேரத்தில், எரிவாயு உருளைக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு. தடை விதிக்கவில்லை, கிளர்ச்சியால் வண்டிகள் போக முடியவில்லை என்று இந்தியா கூறியது. நேபாளத்தில் அதை நம்பியவர் சிலரே. அப்போது இரு நாடுகளும் உறுப்பினர்கள். 5-ஆம் பிரிவு ஏட்டில் இருந்தது. நேபாளம் ஜெனீவாவில் வழக்குத் தொடுக்கவில்லை. வழக்குக்குக் குறைந்தது ஒன்றிரண்டு ஆண்டுகள் ஆகும். அடுப்புக்கு அன்றைக்கே எரிவாயு வேண்டும். வென்றாலும் தீர்ப்பைச் செயல்படுத்த நேபாளம் இந்தியாவின் மீது என்ன பதில் நடவடிக்கை எடுக்க முடியும்? 2016 மார்ச்சில் சீனாவுடன் போக்குவரத்து உடன்படிக்கை செய்துகொண்டதுதான் அதன் உண்மையான பதிலாக இருந்தது.

---

சாயப்பட்டறை

சிறு குறிப்பு ஒன்று. திருப்பூரில் 2005 ஜனவரி 1-ஐ யாரும் மறக்க மாட்டோம். ஆயத்த ஆடைகளுக்கான கோட்டா (ஒரு நாட்டிலிருந்து இவ்வளவுதான் என்ற அளவு வரம்பு) முறை ஒழிந்த நாள். அதுவரை ஏற்றுமதி செய்யக் கோட்டா கையில் இருக்க வேண்டும். இல்லாதவர் இருப்பவரிடம் வாங்க வேண்டும். அது போனதும் எங்கள் ஊருக்குப் புதிய ஆர்டர்கள் வந்தன.

நண்பர் இமயவரம்பு எழுதியதைப் படித்தபோதுதான் அதன் மறுபக்கம் உறைத்தது. கோட்டா இருந்தவரை, வாங்குபவர் ஒரு நாட்டின் அளவு தீர்ந்ததும் அடுத்த நாட்டுக்குப் போவார். நேபாளத்தின் ஆடைத் தொழில் வளர்ந்தது அப்படித்தான். அந்நாடு உறுப்பினரானது 2004 ஏப்ரலில்; கோட்டா ஒழிந்தது எட்டு மாதங்களில். கடலில்லாத நாட்டில் தைத்த சட்டை கொல்கத்தா வரை லாரியில் வந்துதான் கப்பலேற வேண்டும். எங்களுக்கோ தூத்துக்குடி ஓர் இரவுத் தொலைவு. பந்தியில் இடம் கிடைத்தபோது இலை எடுத்துவிட்டார்கள்.

---

நடுநிலை

இதுவரை பேசப்படாத ஒன்று, ஒருமித்த சம்மதம் என்ற விதி அரசியலுக்குத் திறந்துவிடும் வாசல். ஜார்ஜியா 2000-லேயே உறுப்பினர். ரஷ்யா 1993-ல் விண்ணப்பித்து வெளியே நின்றது. அவ்விரு நாடுகளுக்கும் இடையே நடந்த 2008 போருக்குப் பின், ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நின்ற அப்காசியா, தெற்கு ஒசேட்டியா எல்லைகளில் சுங்கக் கண்காணிப்பு வேண்டும் என்று ஜார்ஜியா அசையாமல் நின்றது. சுவிட்சர்லாந்தின் நடுவண்மையில் 2011 நவம்பரில் உடன்பாடு கண்ட பிறகே, 2012 ஆகஸ்டில் ரஷ்யா நுழைய முடிந்தது. சிறிய நாடு பெரிய நாட்டை நிறுத்திவைத்த அரிய நிகழ்ச்சி அது.

மறுமுனையில் ஈரான். 1996-ல் கொடுத்த விண்ணப்பத்தை அமெரிக்கா 2005 வரை ஏற்கவே விடவில்லை. உள்ளே வந்தவர் வெளியே நின்ற நாட்களை நினைவில் வைத்திருப்பார் என்று நம்புவதற்கும் இடமில்லை. 2008-ல் நுழைந்த உக்ரைன், தன் வரிக் கோரிக்கைகளுக்காக மாண்டினீக்ரோ என்ற குட்டி நாட்டின் இணைவைத் தாமதப்படுத்தியது. அடுத்தவரைப் பிடித்துவைக்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அவர் வாசலில் நிற்கும் நேரம்தான் என்பதால், எல்லோரும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

---

செந்நெல்

நேபாளத்தைப் பற்றிய பதிவுக்கு நன்றி. என் கருத்தைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன். சீர்திருத்தக் கட்டாயம் நல்லது என்ற வாதம், பெரிய உள்நாட்டுச் சந்தையோ துறைமுகமோ மலிவான உழைப்புத்திறனோ உள்ள நாட்டுக்குத்தான் பொருந்தும் போலும்.

எனக்கு இப்போது வேறொரு ஐயம். 2019 டிசம்பர் முதல் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு போதிய நீதிபதிகள் இன்றி முடங்கிக் கிடக்கிறது. தோற்றவர் மேல்முறையீடு செய்துவிட்டால் வழக்கு அந்தரத்தில் தொங்குகிறது. 2025 ஏப்ரலில் அமெரிக்கா நாட்டுக்கு நாடு வேறுபட்ட வரிகளை அறிவித்து, எல்லா உறுப்பினரையும் ஒன்றுபோல் நடத்த வேண்டும் என்ற அடிப்படை விதியையே ஓரம்கட்டியது. உறுப்பினராக இருந்தும் வியட்நாம் அதற்குத் தப்பவில்லை. இந்த நிலையில் எத்தியோப்பியாவும் பிறவும் ஏன் இன்னும் முயல்கின்றன?

---

திண்ணைவாசி

எத்தியோப்பியா 2003-ல் விண்ணப்பித்தது. அதன் தடை சுங்க வரியைவிடச் சேவைத் துறைகளில் இருந்தது. வங்கியும் தொலைத்தொடர்பும் அந்நியர்க்கு மூடப்பட்டிருந்தன. 2021-ல் கென்யாவின் சஃபாரிகாம் தலைமையிலான கூட்டமைப்புக்குத் தொலைத்தொடர்பு உரிமம் தரப்பட்டது. 2024 ஜூலையில் பிர் நாணயத்தின் மதிப்பைச் சந்தையிடம் விட்டார்கள். அவ்வாண்டு டிசம்பரில் அந்நிய வங்கிகளை அனுமதிக்கும் சட்டம் நிறைவேறியது. இவற்றை ஜெனீவாவுக்காக மட்டும் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். கடன் நெருக்கடியும் பன்னாட்டு நிதியத்தின் நிபந்தனைகளும் அதைவிட நெருக்கமான காரணங்கள். ஆனால் ஏற்கெனவே திறந்துவிட்ட துறையை இணைவு ஆவணத்தில் எழுதிக் கொடுப்பதில் புதிய நட்டம் குறைவு என்ற கணக்கும் அதில் இருக்கிறது.

மேலும், ஒரு பெரிய நாடு விதியை மீறுகிறது என்பதற்காக மற்ற 160-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களும் தமக்குள் மீறிவிடவில்லை. எத்தியோப்பியக் காப்பி செல்லும் சந்தைகள் பலவற்றில் வரியைத் தீர்மானிப்பது இன்னமும் அந்த விதியேடுதான்.

---

இமயவரம்பு

ஒரு திருத்தமும் ஒரு சேர்க்கையும். குறைந்த வளர்ச்சியுற்ற நாடுகளிடம் எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு எல்லையே இல்லை என்ற நிலை இப்போது முழுமையாக உண்மையல்ல. 2002 டிசம்பரில் வெறும் வழிகாட்டுதல்களாக இருந்தவை, 2012 ஜூலையில் எண்களுடன் வலுப்படுத்தப்பட்டன. வேளாண் பொருட்களுக்குச் சராசரியாக 50 விழுக்காடு உச்சவரம்பு, மற்றவற்றில் 95 விழுக்காடு பொருட்களுக்குச் சராசரி 35 விழுக்காடு என்பது போன்ற அளவுகள் அதில் உள்ளன. நேபாளம் எட்டு ஆண்டுகள் பொறுத்திருந்தால் இன்னும் நல்ல விலைக்கு வாங்கியிருக்கலாம் என்று காத்மாண்டு நண்பர்கள் கேலியாகச் சொல்வதுண்டு.

அப்படிப் பொறுத்தவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் சேர்க்கை. பூட்டான் 1999-ல் விண்ணப்பித்தது. 2008 வரை பணிக்குழு நான்கு முறை கூடியது. அதன் வணிகத்தில் பெரும்பங்கு இந்தியாவுடன். அது ஏற்கெனவே வரியின்றி நடக்கிறது. மற்றவர்களுக்குக் கதவைத் திறந்து என்ன பெறப்போகிறோம் என்ற கேள்வி உள்நாட்டில் எழ, பேச்சு ஆண்டுக்கணக்கில் நின்றது. அண்மை ஆண்டுகளில்தான் மீண்டும் தூசி தட்டப்பட்டது. இதற்கிடையே 2023 டிசம்பரில் பூட்டான் குறைந்த வளர்ச்சியுற்ற நாடுகளின் பட்டியலிலிருந்து தேறி வெளியேறிவிட்டது. ஆகவே 2012-ல் எழுதப்பட்ட அந்தச் சலுகை அளவுகளை உரிமையாகக் கேட்கும் தகுதி இப்போது அதற்கு இல்லை.